ஒரு கீறல் இல்லீங்க

தட்டிப் பாருங்க தம்பி. சும்மா வெரல்ல தட்டுனா தெரியாது, அந்தக் கல்ல எடுத்துத் தட்டுங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. நல்லா ஓங்கித் தட்டுங்க. கேட்டுதுங்களா? எப்படிக் கணீர்னு இருக்குது! ஓட்ட இரும்புல இந்தச் சத்தம் வருமுங்களா?

நீங்க தாராபுரத்துல இருந்து வண்டி பாக்க வந்திருக்கறீங்க. என்ற மக கோகிலவாணி செல்போன்ல போட்ட வெளம்பரத்தப் பாத்துட்டுத்தான வந்தீங்க? அந்தப் போட்டோவ இன்னொருக்காப் பாருங்க. சைடுல எடுத்திருக்கறா, பொறகால எடுத்திருக்கறா, சீட்டக் கூட எடுத்துப் போட்டிருக்கறா. முன்பக்கம் இருக்குதுங்களா? இல்ல. எதுக்கு எடுக்கலைன்னு கேட்டா, "அம்மா, அந்தப் பம்பரப் பாத்தா வாங்க வர்றவன் ஓடியே போயிருவான்"ங்கறா. நீங்க ஓடலயே? நின்னு பாத்துட்டுத்தான இருக்கறீங்க?

அந்தக் கட்டல்ல உக்காருங்க. சொம்புல மோரு இருக்குது, நீங்களே ஊத்திக்குங்க. எனக்கு இப்போதைக்கு ஒரு கைதான். இது ஒண்ணுமில்லீங்க, காறை எலும்பு. கூடிருமுன்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு. பம்பருக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. அத மொதல்லயே சொல்லிப்போடறேன்.

வண்டிய விக்கறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. மக முடிவு பண்ணிட்டா. வண்டிய வித்தாத்தான் அப்பாவத் திருப்பிக் கூட்டிட்டு வருவாளாமா. கோயமுத்தூர்ல அவ ஊட்ல வெச்சுக்கிட்டு இருக்கறா, எங்க ஊட்டுக்காரர. அடமானம் வெச்ச மாதிரி.

அவரு பேரு நாச்சிமுத்து. வண்டி அவரு வாங்குனதுதான். எங்க தோட்டத்துத் தக்காளி, பக்கத்துத் தோட்டத்துக் கத்திரிக்கா, பீட்ரூட்டு, எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு விடியால சந்தைக்குக் கொண்டுபோவாரு. அதுதான் எங்க பொழப்பு. நல்ல மனுசன். ஊரே சொல்லும், "நாச்சிமுத்து மாதிரி ஒரு நல்ல மனுசன் உண்டா"ன்னு. ஊரே ஒருத்தர அப்படிச் சொன்னா என்ன அர்த்தமுங்க? ஊரே அவரு தலைல மொளகா அரைக்குதுன்னு அர்த்தம். சந்தைல எவன் வந்து குறுக்க வண்டிய உட்டாலும் இவரு ஓரங்கட்டிக்குவாரு. "போகட்டும் உடு வசந்தா, அவனுக்கு என்ன அவசரமோ"ம்பாரு. யாருக்குத்தாங்க அவசரமில்ல? தக்காளிக்கு அவசரமில்லீங்களா?

அப்பறம் அவருக்குச் சக்கர வந்து கண்ணுல எறங்கிருச்சு. ஊசி போட்டாங்க, லேசரு வெச்சாங்க. கடைசீல, ஆளு நிக்கறது நெழலாட்டந் தெரியும், யாருன்னு தெரியாதுங்கற அளவுல வந்து நின்னுபோச்சு. வண்டிச் சாவிய எடுத்து என்ற கைல குடுத்துட்டு, "வித்துப்போடலாமா வசந்தா?"ன்னாரு. எதுக்குங்க விக்கோணும்? எனக்குக் கையில்லையா, காலில்லையா? டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். லைசென்சு எடுத்தேன். எங்க சொந்தபந்தம் ஒறம்பறைல ஒரு பொம்பளை லோடு வண்டி ஓட்டுனதா நீங்க காட்டுங்க பாக்கலாம். அவரு பக்கத்து சீட்ல உக்காந்துக்குவாரு. தொணைக்கு.

மொத நாளே சந்தைல பாத்தனுங்க, இந்தத் தம்புராஜுவ.

தம்புராஜுன்னு ஒருத்தன் மினி லாரி வெச்சிருக்கறான். அவன் மச்சானுக்கு அங்க கமிஷன் மண்டி. அந்தத் திமிரு. நாங்கெல்லாம் வரிசைல நிப்போமுங்க. முன்னால எறக்குன சரக்குக்குத்தான் வெல. பின்னால போகப் போக வியாபாரி மொகத்தத் திருப்பிக்குவான். இவன் தாமசமா வந்துட்டு, நேரா வரிசைக்கு முன்னால போயி, டக்குனு ரிவர்ஸ்ல வருவான். வந்து என்ற வண்டி மூஞ்சில அவன் வண்டிப் பின்பக்கத்த வெச்சு, மாட்டத் தள்ளறாப்பல தள்ளுவான். "அக்கா, சித்த அக்கட்டால தள்ளிக்குங்க. அண்ணனே இத்தன நாளு ஓரமாத்தான் நிப்பாரு"ம்பான். சிரிச்சுக்கிட்டே சொல்லுவான், அதுதாங்க எனக்கு ஆகாது. திட்டிக்கிட்டே தள்ளுனாக் கூடப் பரவால்ல.

கம்பெனி பம்பரு அப்பளமுங்க. பைபருன்னு சொல்றான், அப்பளந்தான். அவன் தள்ளத் தள்ள விரியும். பட்டறைக்கார யாசின் பாய்கிட்டக் கொண்டுபோயி ஒட்ட வெப்பேன். மறுக்காத் தள்ளுவான், மறுக்கா விரியும். எங்க ஊட்டுக்காரரு உள்ள உக்காந்துக்கிட்டு, "போகட்டும் உடு."

ஒரு நாளு நல்ல மழை. எங்க தக்காளி நல்ல பழம், செவப்பா, கெட்டியா. விடியறதுக்கு முந்தியே போயி வரிசைல நிக்கறேன். இவன் வந்தான், தள்ளுனான், பம்பரு பாதி கழண்டு தொங்குது. எறங்கி நான் சண்ட போட்டுக்கிட்டு இருக்கற நேரத்துல, எனக்குப் பொறகால நின்னவன் அத்தன பேரும் சைடுல பூந்து முன்னால போயிட்டானுங்க. என்ற முறை வாரப்ப ஏலம் முடிஞ்சுபோச்சு. ஒருத்தனும் சீந்தல. வர்ற வழீல ரோட்டோரமாக் கொட்டிட்டு வந்தோமுங்க. அத்தனையும். ஒரு மாடு வந்து மோந்து பாத்துட்டு அதும் போயிருச்சு.

அப்பவும் அவரு சொன்னாரு, "போகட்டும் உடு வசந்தா. செடி மறுக்காக் காய்க்கும்."

ஊட்டுக்கு வந்து வண்டிய நிறுத்திட்டுத்தான் சொன்னேன்: "இனிமே ஒடஞ்சா அடுத்தவனுதுதான் ஒடையோணும்."

யாசின் பாய்கிட்டப் போயி, இரும்புல பம்பரு செஞ்சு குடுங்கன்னேன். அவரு மாட்டேனுட்டாரு. "அக்கா, அது சட்டப்படி போடக்கூடாது. புடிச்சா உங்களுக்கும் கேசு, எனக்கும் கெட்ட பேரு"ன்னாரு. அதோட உட்டாரா? "கம்பெனிக்காரன் அத ஒடையறதுக்குன்னேதான் வெச்சிருக்கறான் அக்கா. அது ஒடைஞ்சாத்தான் உள்ள உக்காந்திருக்கறவங்க ஒடைய மாட்டாங்க. நீங்க இரும்ப வெச்சீங்கன்னா இடி நேரா உங்க மேலதான் வரும்"னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. ஒடையறதுக்குன்னு ஒரு சாமானம் செய்யறவன் உலகத்துல உண்டுங்களா? ஒடையறதுக்குன்னு யாராவது ஊடு கட்டுவாங்களா? கட்டலு செய்வாங்களா? நல்ல வேலக்காரருதான், ஆனாப் பயந்தாங்கொள்ளி.

சரி, வெல்டிங் மிஷின மட்டுமாச்சும் வாடகைக்குக் குடுங்கன்னேன். அவரு ரோசன பண்ணிட்டு, குடுத்தாரு. நல்ல கருப்புக் கண்ணாடி போட்ட மொகமூடியும் குடுத்து, "இதப் போடாம மட்டும் நெருப்பப் பாத்துராதீங்கக்கா"ன்னாரு.

இரும்பு நான் எங்கயும் வாங்கல தம்பி. எல்லாமே எங்க காட்டுது. இந்தப் பெரிய சட்டம் இருக்குது பாருங்க, இது எங்க பழைய மோட்டார் ரூம்ல கூரையத் தாங்கிக்கிட்டு இருந்த சேனலு. ரூமு இடிஞ்சு கெடந்துது, இது மட்டும் நேரா நின்னுச்சு. மேல வளைவாட்ட வருதே, அது போர் போட்டப்ப மிச்சம் விழுந்த கேசிங் பைப்பு. அந்தப் போர்ல தண்ணி வரல. வராட்டிப் போகுது, பைப்பு வந்துதில்ல! பழைய இரும்புக்கடைல இந்தக் கனமான பிளேட்டு மட்டுந்தான் எடுத்தேன், சேஸ்ல கொண்டுபோயி போல்ட்டுப் போடறதுக்கு.

புது மோட்டார் ரூம்ல மும்முனைக் கரண்டு வர்ற நேரம் பாத்து வேல செய்யோணும். மொதல்ல நான் வெச்ச பத்து, அதுதான் வெல்டிங் ஒட்டு, இருக்குதே, கோழி எச்சம் போட்ட மாதிரிங்க. அங்கொரு சொட்டு, இங்கொரு சொட்டு. ராடு போயி இரும்போட ஒட்டிக்கும், இழுத்தா வராது. சட்டத்தத் தூக்கிப் பாத்தா ஒட்டுனது பூராவும் பொலபொலன்னு உழுந்துரும். அன்னிக்குப் பொழுதோட ஒரு தடவ மொகமூடிய மறந்துட்டு நெருப்பப் பாத்துட்டேன். அப்பறம் பாருங்க, கண்ணு ரெண்டுலயும் மண்ண அள்ளிப் போட்டாப்பல. தொறக்க முடியல. எங்க ஊட்டுக்காரரு வெள்ளரிக்காயத் தடவித் தடவி அரிஞ்சு கண்ணு மேல வெச்சுட்டு, "இப்ப ரெண்டு பேருக்குந் தெரியல. சோத்த யாரு ஆக்கறது?"ன்னு கேட்டாரு. அதுல ஒரு சிரிப்பு வேற.

அவருதான் அடுத்த நாள்ல இருந்து பைப்பப் புடிச்சுக்கிட்டாரு. ஆமாங்க, கண்ணு தெரியாதவருதான். அதுதான் வசதி. நெருப்பப் பாத்தாலும் அவருக்கு இதுக்கு மேல என்ன போறதுக்கிருக்குதுன்னு சொல்லி, துண்டக் கண்ணுல கட்டிக்கிட்டு, ரெண்டு கைலயும் சாக்கச் சுத்திக்கிட்டு, நான் வெக்கற எடத்துல ஆடாம அசையாமப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. "வேண்டாம் வசந்தா"ம்பாரு, ஆனாப் புடிச்சுக்குவாரு. ஒவ்வொரு பத்துக்கும் ஒருக்கா "வேண்டாம்"பாரு. புடி மட்டும் தளராது. சூடு ஆறுன பொறகு வெரல வெச்சுத் தடவிப் பாத்து, "இந்த எடத்துல ஒரு குழி இருக்குது, இன்னொருக்கா ஓட்டு"ன்னு சொல்லுவாரு. வேண்டாம்னு சொல்ற மனுசனுக்கு குழி இருந்தா என்ன, மேடு இருந்தா என்ன? அது அப்படித்தான், அவரோட பேச்சுக்கு ஒரு அர்த்தமும் இருக்காது.

மேல படியற கருப்பு ஓட்டச் சுத்தியல்ல தட்டுனா, நல்ல பத்துன்னா அப்படியே தோலாட்ட உரிஞ்சு வரோணும். மொதமுதலா அப்படி உரிஞ்சு வந்தப்ப, உள்ள பளபளன்னு, பாம்பு நெளிஞ்ச மாதிரி வரி வரியா இருந்துச்சு. நான் கத்துன கத்துல தென்ன மரத்துல இருந்த காக்காயெல்லாம் பறந்துருச்சு. கோகிலவாணி பொறந்தப்பக் கூட நான் அப்படிக் கத்தல.

ரெட் ஆக்சைடு அடிச்சு, மேல மஞ்சளும் கருப்புமாப் பட்ட போட்டேன். மாட்டுனப்ப வண்டி முன்னால சித்த எறங்கிருச்சு. பாருங்க, இப்பவும் அப்படித்தான் நிக்குது, முட்டப்போற கிடாயாட்ட. எனக்கு அது புடிச்சிருந்துது. யாசின் பாய் வந்து பாத்துட்டு, "முன்னால குனிஞ்சதுல லைட்டு வெளிச்சம் கிட்டக்க உழுகுதுக்கா, தூரம் தெரியாது"ன்னாரு. நமக்குத் தூரத்துல என்னங்க வேல? நம்ம முன்னால இருக்கறது தெரிஞ்சாப் போதாதா?

அடுத்த சந்தைக்குப் போறேன். வரிசைல நிக்கறேன். தம்புராஜு வர்றான். எப்பவும் போல ரிவர்ஸ்ல வந்தான். நான் கைப்பிரேக்க இழுத்துட்டு, ஸ்டேரிங் மேல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவன் கண்ணாடீல பாக்கக் கூட இல்ல, அத்தன எளக்காரம். வந்து மோதுனான் பாருங்க! டமார்னு ஒரு சத்தம். சந்தையே திரும்பிப் பாத்துது. அவன் வண்டிப் பின்கதவு உள்ள வாங்கிருச்சு, பின்னால லைட்டு ரெண்டும் தூள் தூள். எனக்கு? ஒரு கீறல் இல்லீங்க. பெயிண்டு கூடப் போகல.

எறங்கி வந்து நின்னு பாக்கறான். பம்பரப் பாக்கறான், என்னப் பாக்கறான். நான் கண்ணாடிய எறக்கிட்டு, "தம்பி, சித்த அக்கட்டால தள்ளிக்குங்க"ன்னேன். அவனாட்டவே, சிரிச்சுக்கிட்டு. சுமை எறக்கறவங்க எல்லாம் கெக்கேபிக்கேன்னு சிரிச்சாங்க. எங்க ஊட்டுக்காரரு மட்டும், "அவனுக்கு என்ன ஒடஞ்சுது வசந்தா?"ன்னு கேட்டாரு. லைட்டுன்னேன். "பாவம்"னாரு. பாவமாமா!

அன்னில இருந்து பாருங்க, எனக்குச் சந்தைல ஒரு மரியாத. நான் உள்ள வந்தா தன்னால வழி உடுவாங்க. முந்தியெல்லாம், "அக்கா டீ சாப்டறீங்களா, அக்கா அந்தப் பொட்டியக் குடுங்க நான் எறக்கறேன்"னு ஒரே வளவளப் பேச்சு. இப்ப அதெல்லாம் இல்ல. டீக்கடைல நான் போயி நின்னா எல்லாரும் பேச்ச நிறுத்திருவாங்க. பொட்டிகள நானேதான் எறக்கறேன். ஒருத்தனும் கிட்ட வர்றதில்ல. பயம்னு சொல்றா என்ற மக. மரியாதைங்க அது. மரியாதைன்னா சித்தத் தள்ளித்தான நிப்பாங்க?

பிரேக் இன்ஸ்பெக்டரு ஒருக்கா நிறுத்தினாரு. "இதக் கழட்டும்மா"ன்னாரு. கழட்டறனுங்கன்னேன். எப்பன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல.

சரி, நீங்க கேக்கோணும்னு நெனைக்கறதுக்கே வர்றேன். அந்த ஆக்சிடென்டு.

ஐப்பசி கடைசீங்க. பழனிப் பக்கம் ஒரு லோடு எறக்கிட்டுத் திரும்பறோம். பொழுது எறங்கிருச்சு, ஆனா முழுசா இருட்டல. பம்பரு போட்ட பொறகு எனக்குப் பயம்னா என்னன்னே மறந்துபோச்சு. முன்னெல்லாம் மாடு குறுக்க வருமா, மயிலு குறுக்க வருமான்னு பாத்துப் பாத்து உருட்டுவேன். இப்ப அப்படியில்ல, நேரா உடறதுதான். அவரு, "காத்து எச்சா அடிக்குது, வேகமாப் போறயாட்ட இருக்குதே"ன்னாரு. அப்ப ஒரு வளைவு. வளைவு திரும்புனா முன்னால மலையாட்ட ஒரு வண்டி நிக்குது. லைட்டு இல்ல. ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. பஞ்சராகி நடுரோட்டுல நிக்குது. பொறகால ஒரு வேப்பங்கொம்ப ஒடிச்சுப் போட்டிருந்தானாமா. ரோட்டுல கெடக்கற கொம்பு யாருக்குங்க தெரியும்?

அடிச்சேன் பிரேக்க. நிக்கல. மோதிருச்சு.

யாரு வண்டின்னு நெனைக்கறீங்க? தம்புராஜு வண்டி.

பாத்தீங்களா, உங்க மூஞ்சியே மாறுது. நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு எனக்குத் தெரியுது. என்ற மகளும் இதத்தான் சொன்னா. ஆமா, நான் ஒடச்ச லைட்டுதான். ஒடஞ்சா மாத்தோணுமில்லீங்களா? ஒடச்சது நானா இருக்கலாம், மாத்தாம உட்டது யாரு? ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப அவனே சொன்னான், "நான் லைட்ட மாத்தியிருக்கோணுங்கக்கா, எம்மேலயும் தப்பு இருக்குது"ன்னு. ஒத்துக்கிட்டான் பாருங்க! அதுக்கு மேல என்ன வேணும்?

வந்தான், ஆமா. சாத்துக்குடி வாங்கிக்கிட்டு வந்தான். அன்னிக்கு ரோட்டோரத்துல ஜாக்கிக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருந்தவன் ஓடி வந்து, கதவ நெம்பித் தொறந்து, எங்க ஊட்டுக்காரரத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, வந்த பால் வண்டிய நிறுத்தி ஏத்தினான். மறுக்கா வந்து என்னையும் ஏத்தினான். அவன் சட்டையெல்லாம் அவரு ரத்தம். சரி, செஞ்சான். ரோட்டுல யாரு கெடந்தாலும் யாராவது செய்யறதுதான? அதுக்காக நான் தலையக் குனியோணுமா? நான் செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். எங்க ஊட்டுக்காரரு அவங்கூட ஒரு மணி நேரம் ஊர்ப் பழம பேசிக்கிட்டு இருந்தாரு, ஏதோ மாமன் மச்சானாட்ட.

அவருக்குத்தான் அடி எச்சு. முட்டி டேஷ்போர்டுல போயி இடிச்சு மடக்க முடியாமப் போச்சு. முன்பல்லு ரெண்டும் போயிருச்சு. பேசுனா இப்பக் காத்து வருது, புஸ் புஸ்ஸுன்னு. எனக்கு இந்த எலும்பு. அவ்வளவுதான். யாசின் பாய் ஆஸ்பத்திரிக்கு வந்து தலமாட்டுல நின்னுக்கிட்டு ஒரு வார்த்த பேசல. பேசாதது நல்லது. பேசியிருந்தா நான் கேட்டிருப்பேன், "போயி பம்பரப் பாத்துட்டு வந்து பேசுங்க"ன்னு.

ஏன்னா வண்டியக் கொண்டுவந்து நிறுத்துனப்ப நான் மொதல்ல அதத்தான் பாத்தேன். இந்தக் கையோட குனிஞ்சு, சுத்திச் சுத்திப் பாத்தேன். ரேடியேட்டர்ல ஒரு சொட்டு ஒழுகல. ஹெட்லைட்டுல ஒரு விரிசல் இல்ல. வெச்ச பத்து ஒண்ணு உடல. சேஸு மட்டும் சித்தக் கோணிக்கிச்சு, வண்டி எடப்பக்கமா இழுக்கும், உங்ககிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனாப் பம்பரு? நீங்களே பாத்தீங்க. அன்னிக்கே என்ற மககிட்டச் சொன்னேன், "பாரு கோகிலா, ஒரு கீறல் இல்ல"ன்னு. அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அப்பறம் அழுதா. அழுதுக்கிட்டே அப்பாவோட துணிமணிய எல்லாம் பையில போட்டா. எதுக்கு அழுதான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

இருங்க. போனு அடிக்குது. அந்தத் திண்டு மேல இருக்குது, எடுத்துக் குடுங்க. யாரோ புது நம்பரு.

அலோ? யாருங்க? கண்டக்டருங்களா? எந்தக் கண்டக்டரு? ...

ஏனுங்க! நீங்களா? யாரு போன்ல பேசறீங்க? ... பஸ்ஸா? எந்த பஸ்ஸு? கோகிலா கூட இருக்கறாளா? ... சொல்லாமயா? ஐயோ, கண்ணுந் தெரியாம காலும் மடங்காம, எப்படிங்க ஏறுனீங்க? ... சரி. சரி. பொள்ளாச்சி தாண்டிட்டீங்களா? ... வாய்க்கால் பிரிவுல எறக்கி உடச் சொல்லுங்க, நான் வண்டிய எடுத்துக்கிட்டு வர்றேன். ... விக்கல. யாரு வித்தா? நிக்குது. ... என்னது? ... மறுக்காச் சொல்லுங்க, காத்துதான் வருது. ...

எதுக்குங்க கழட்டோணும்? ... ஏறலைன்னா? ... நடந்தா? அத்தன தூரமா? வெளையாடறீங்களா? ... அலோ? அலோ!

வெச்சுட்டாரு.

தம்பி, அவரு வெச்சுட்டாரு. நான் பேசிக்கிட்டு இருக்கறப்ப எங்க ஊட்டுக்காரரு போன வெச்சுட்டாரு.

மக ஊட்ல யாருகிட்டயும் சொல்லாம பஸ் ஏறிட்டாருங்க. பக்கத்து ஊட்டுப் பையங்கிட்ட, பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டு வான்னு கேட்டாராமா. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்களாம், ஆனா "நீ அங்க ஒத்தக் கையோட என்ன பண்றயோன்னு இருந்துது"ங்கறாரு. அதோட நிறுத்தியிருக்கலாமில்ல? "ஸ்டாப்புக்கு வா. ஆனா அந்தப் பம்பரு வண்டில இருந்தா நான் ஏற மாட்டேன். தடவிப் பாப்பேன். இருந்துதுன்னா நான் நடந்தே வந்துக்கறேன்"ங்கறாரு. புஸ் புஸ்ஸுன்னு காத்து வருது, ஆனா வார்த்த தெளிவாத்தான் இருந்துது.

இத்தன வயசு வரைக்கும் ஒருத்தன எதுத்து ஒரு பேச்சுப் பேசாத மனுசன். தம்புராஜு தள்ளுனப்பப் பேசல. தக்காளியக் கொட்டுனப்பப் பேசல. மொதமுதலா எதுத்துப் பேச அவருக்கு ஒரு ஆளு கெடச்சிருக்குது பாருங்க, அது நானு!

நடப்பாராமா. நடக்கட்டும். நடந்து வந்து சேரட்டும் பாக்கலாம். எனக்கென்ன?

...

அவரு நடந்துருவாருங்க. அதுதான் பிரச்சன. அவரு சொன்னாச் செய்யற ஆளு. இத்தன நாளா ஒண்ணும் சொல்லாம இருந்ததால ஊருக்கு அது தெரியல.

தம்பி, உங்களுக்கு ஸ்பேனரு புடிக்கத் தெரியுங்களா? அந்த டப்பால இருக்குது பாருங்க, பெருசு. எடுத்துட்டு வாங்க. அந்தப் பழைய டயர உருட்டிக்கிட்டு வந்து கீழ போடுங்க, இல்லாட்டி கழண்டு கால் மேல உழுந்துரும். இந்தப் பக்கம் மொதல்ல. எடப்பக்கமாத் திருப்புங்க. நல்லா அழுத்துங்க, நான் முறுக்குனது அது. மண்ணெண்ணெய் ஊத்தட்டுங்களா?

அவரு சொன்னதுக்காகன்னு நெனச்சுப்போடாதீங்க. அடியில துரு புடிக்குதான்னு பாக்கோணும், ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு கோட்டிங் ரெட் ஆக்சைடு அடிச்சா நல்லதுதான. அடிச்சுட்டு மறுக்காப் போட்டுக்கலாம். போடாமயும் போகலாம், அது என்ற இஷ்டம். யாரும் சொல்லி நான் ஒண்ணும் பண்றதில்ல.

அதுதான், அந்தக் கடைசி போல்ட்டு. தள்ளிக்குங்க!

அப்பா. என்ன கனம். பாருங்க, உழுந்தும் ஒரு கீறல் இல்ல. அங்கயே கெடக்கட்டும். சாக்க எடுத்து மேல மூடிப்போடுங்க, பனி உழும்.

வண்டி விக்கறதுக்கில்லீங்க தம்பி. உங்கள அலைய வெச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. மகளுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன், இந்நேரம் அப்பனக் காணோம்னு தேடிக்கிட்டு இருப்பா. நீங்க ஏறுங்க. தாராபுரத்துக்கும் பிரிவுலதான் பஸ்ஸு புடிக்கோணும். கதவ ஓங்கிச் சாத்துங்க, அது சித்த மக்கர் பண்ணும்.

ஒரு ஒத்தாச பண்ணோணும். எனக்கு எடது கை எந்திரிக்காது. நான் கிளச்ச மிதிக்கறப்ப நீங்க கியரப் போடுங்க. இல்லீங்க, நீங்க ஓட்ட வேண்டாம், என்ற வண்டிய நான்தான் ஓட்டுவேன். மெதுவாத்தான் போவேன், முன்னால ஒண்ணுமில்லாம என்னமோ மூஞ்சில துணியில்லாத மாதிரி இருக்குது. சாவியத் திருப்பிட்டேன். ஃபர்ஸ்டு போடுங்க. அதுதான். செகண்டு.

செகண்டுன்னா கீழ இழுங்க தம்பி! இழுங்க, பஸ்ஸு வந்துரும், அவரு நடக்க ஆரம்பிச்சுருவாரு.